டிக்கிரிக்குப் பொட்டு வைத்தால் பணம் வருமா?

(ஒரு சிற்றூரில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்றைய தினம் என்னை விவாகரத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். விவாகரத்து சரியா, தப்பா என்கின்ற விவாதத்தை நான் இங்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அது தீர்ந்துபோன விஷயம். 1929-ம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், ஒத்துவராத கல்யாணத்தை விட்டு விலகும் உரிமை வேண்டும் என்று தீர்மானித்தபோது, உலகமே கவிழ்ந்துவிடும் என்று கூப்பாடு போட்டவர்கள் எத்தனையோ பேர். 1949-ல் சென்னை மாகாணத்திலும் 1955-ல் டில்லியிலும் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது. உலகம் கவிழவில்லை. மழை பெய்கின்றது, நெல் விளைகின்றது. ஆகவே அதை விட்டுவிடுவோம்.

நான் பேசவந்தது வேறு. விவாகரத்து ஆனபிறகு, "இன்ன பணத்தைக் கொடு, இன்ன நகையைத் திருப்பு, இன்ன வீட்டை ஒப்படை" என்று கோர்ட்டு உத்தரவு போடுகிறதே, அந்த உத்தரவு எப்படிக் காரியத்துக்கு வருவது என்பதுதான். இது வக்கீல்கள் பேசவேண்டிய விஷயமல்லவா என்று சிலர் நினைக்கலாம். வக்கீலுக்குத் தெரிந்தால் போதாது. யாருடைய வயிறு காய்கிறதோ அவருக்குத் தெரியவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தோழர்களே! கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு அம்மாள் என்னிடம் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் நாலாக மடித்த காகிதக் கட்டு. பிரித்துப் பார்த்தேன். குடும்பநல கோர்ட்டின் டிக்கிரி. புருஷன் அவருக்கு நிரந்தர ஜீவனாம்சமாக 4 லட்சம் ரூபாய் மொத்தமாகக் கொடுக்கவேண்டும், கல்யாணத்தின்போது போட்ட நகைகளைத் திருப்பித் தரவேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தக் காகிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில் சந்தனம், குங்குமம்! "இதென்னம்மா?" என்று கேட்டேன். "தீர்ப்பு வந்த அன்றைக்கே சாமி படத்துக்குக் கீழே வைத்தேன் அண்ணா. வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்துக் கும்பிட்டேன். நாலு வருஷம் ஆகிறது, இன்னும் ஒரு காசும் வரவில்லை" என்றார்.

நான் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடிய விஷயமா அது? பெண்ணின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்காகக் காதில் கிடந்த தோட்டை விற்றுவிட்டு வந்து நிற்கிற அம்மாளைப் பார்த்து யாருக்குச் சிரிப்பு வரும்? அவருடைய அண்ணன் சொன்னாராம்: "அவனைத் தெய்வம் பார்த்துக்கொள்ளும், பொறு" என்று. ஜோசியர் சொன்னாராம்: "சனி விலகட்டும், பணம் தானே வரும்" என்று. சனி விலகியிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாலு வருஷத்தில் புருஷன் சும்மா இருக்கவில்லை. டிக்கிரி ஆவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே தன் பேரில் இருந்த வீட்டைத் தம்பி பேருக்குச் செட்டில்மெண்டு எழுதிவைத்துவிட்டான். தெய்வம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது போலும்!

தீர்ப்பு தானே நடக்காது

நம் ஜனங்களுக்குள் ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கின்றது. கோர்ட்டு சொல்லிவிட்டால் அதைச் சர்க்காரே வந்து நடத்திக்கொடுத்துவிடும் என்பது அது. அப்படி ஒன்றும் கிடையாது. டிக்கிரி என்பது உங்கள் உரிமைக்கு ஒரு அத்தாட்சிச் சீட்டு, அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் கோர்ட்டுக்குப் போய், "இதை நிறைவேற்றிக் கொடுங்கள்" என்று மனுப்போட்டால்தான் கோர்ட்டு கையை அசைக்கும். கோர்ட்டு வாசலில் அதை ஈ.பி. என்று சொல்லுவார்கள்.

வழக்காடுகிறவனுடைய கஷ்டம் டிக்கிரி வாங்கின பிறகுதான் ஆரம்பமாகிறது என்னும் கருத்தை 1872-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் இந்தியாவைப் பற்றிச் சொல்லிவிட்டது. 150 வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கஷ்டம் தீர்ந்தபாடில்லை. 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு முன் வந்த கணக்குப்படி இந்தியா முழுவதும் முடியாமல் கிடந்த நிறைவேற்று மனுக்கள் 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கு மேல். மனுப்போட்ட 6 மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று அதே கோர்ட்டு 2021-ல் சொல்லியும் இந்த நிலை. மனுப்போட்டவர்கள் கதியே இதுவென்றால், பொட்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குக் கெடு ஒன்றும் உண்டு. சிவில் கோர்ட்டு டிக்கிரியை நிறைவேற்றிக்கொள்ளச் சட்டம் கொடுத்திருக்கும் காலம் 12 வருஷம். மாதாமாதம் கொடுக்கவேண்டிய தொகையானால் ஒவ்வொரு தவணையும் தவறிய தேதியிலிருந்து அதற்கு 12 வருஷம். அந்த அம்மாள் இதில் நாலு வருஷத்தைக் குங்குமத்துக்குக் கொடுத்துவிட்டார்.

மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் வாங்கும் மாத ஜீவனாம்சத்துக்குக் கெடு இன்னும் குறைவு. முன்பு கிரிமினல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு என்பார்களே, 2024 ஜூலை 1 முதல் அது புதுச் சட்டத்தில் 144-வது பிரிவாகிவிட்டது. அதில் பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் வாரண்டுக்கு மனுப்போடவேண்டும். இரண்டு வருஷம் பொறுத்துவிட்டுப் போனால், முதல் வருஷத்து பாக்கிக்கு அந்த வழியில் வாரண்டு கிடைக்காது. பொறுமை பெண்ணுக்கு அணிகலன் என்று சொல்லிக்கொடுத்தவர்கள், அந்தப் பொறுமையால் லாபம் யாருக்கு என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

எழுதும்போதே கண் வேண்டும்

நிற்க. அந்த அம்மாளின் டிக்கிரியில் "கல்யாணத்தின்போது போட்ட நகைகள்" என்று மட்டும் இருந்தது. எத்தனை சவரன்? என்னென்ன நகை? நகை இல்லையென்று கையை விரித்தால் எவ்வளவு பணம்? ஒன்றும் இல்லை. அவருக்குப் போட்டது 22 சவரன். "ஏழு சவரன்தான்" என்கிறான் புருஷன். நிறைவேற்றும் கோர்ட்டோ டிக்கிரியில் எழுதியிருப்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கமுடியாது. அதற்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆகவே அந்த ஒரு வரிக்காக அவர் இன்றும் அலைந்துகொண்டிருக்கிறார்.

எனவே ராஜியாகப் போவதானாலும், வழக்காடித் தீர்ப்பு வாங்குவதானாலும், காகிதத்தில் ஏறுகிற ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நகையானால் பெயர், எடை, எண்ணிக்கை. பொருளாகக் கிடைக்காவிட்டால் இவ்வளவு பணம் என்று மாற்றுத் தொகையும் டிக்கிரியில் இருக்கவேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டமே சொல்லுகின்றது. வீடு, நிலமானால் சர்வே நம்பர், அளவு, எல்லை. பணமானால் எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன வட்டி. இதெல்லாம் கேட்பது பேராசையல்ல. மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற நாம், வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் பத்திரத்தில் எழுத்தைப் பார்க்கவேண்டாமா?

இன்னொன்று. ஜீவனாம்சத் தொகைக்கு எதிராளியின் நிலபுலத்தின் மேல் பொறுப்புக் கட்டும்படி கேட்க இந்து விவாகச் சட்டம் 25-வது பிரிவு இடங்கொடுக்கின்றது. கேட்டால்தான் கிடைக்கும். கிடைத்ததைச் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவாகும்படி செய்துகொண்டால், பின்னால் வாங்குகிறவன் "எனக்குத் தெரியாது" என்று சொல்லமுடியாது.

பிடிக்கும் வழிகள்

இனி, டிக்கிரி கைக்கு வந்தபிறகு செய்யவேண்டியதைச் சொல்லுகிறேன்.

முதலாவது, எதிராளிக்கு என்ன சொத்து இருக்கிறது என்று தெரியவேண்டும். "அவனிடம் ஒன்றுமில்லையாம்" என்று ஊரார் சொல்லுவதை நம்பி உட்கார்ந்துவிடக்கூடாது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அவன் பேரில் இருந்த சொத்து எப்பொழுது யாருக்குப் போயிற்று என்பது வெட்டவெளிச்சமாகும். பண டிக்கிரியானால், உன் சொத்துக்களையெல்லாம் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கொடு என்று அவனுக்குக் கோர்ட்டு உத்தரவு போடலாம். அதற்கும் கீழ்ப்படியாவிட்டால் 3 மாதம் வரை சிவில் ஜெயில் உண்டு. ஜீவனாம்ச வழக்குகளில் ஆரம்பத்திலேயே இரு தரப்பாரும் சொத்து, வரும்படி, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கவேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கின்றது. அதை விடாமல் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, சம்பளம். இங்கே சட்டம் ஒரு நியாயம் செய்திருப்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். கடன்காரன் வாங்கிய டிக்கிரிக்குச் சம்பளத்தை ஜப்தி செய்தால், முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. ஜீவனாம்ச டிக்கிரியானால், தொடக்கூடாதது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. அதாவது கணக்கில் வரும் சம்பளம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கடன்காரனுக்காக 8,000 ரூபாய்தான் பிடிக்கலாம். ஜீவனாம்சத்துக்காக 16,600 ரூபாய்க்கு மேலும் பிடிக்கலாம். பெண்டு பிள்ளைகளின் சோறு வட்டிக் கடனுக்கு முந்தியது என்று சட்டத்துக்குப் புரிந்திருக்கிறது. நம் பஞ்சாயத்துக்காரர்களுக்குத்தான் புரியவில்லை. ஆனால் கூலிக்காரருடைய கூலியை ஜப்தி செய்யமுடியாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, வீடும் நிலமும். ஜப்தி செய்து ஏலத்துக்குக் கொண்டுவரலாம். வீட்டையே ஒப்படைக்கச் சொல்லி உத்தரவானால் அமீனா வந்து சுவாதீனம் எடுத்துக் கொடுப்பார். பத்திரம் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், அவன் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவனுக்குப் பதிலாகக் கோர்ட்டே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். பெண் பேருக்கு ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் மீசை நரைத்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இது நல்ல மருந்து.

நான்காவது, தம்பி பேருக்கும் மாமன் பேருக்கும் மாற்றி எழுதுவது. இது பெரிய தந்திரம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொத்து மாற்றச் சட்டத்தில் 39-வது பிரிவு என்று ஒன்று இருக்கின்றது. ஒரு சொத்தின் வருமானத்திலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை ஒருவருக்கு இருக்கும்போது, அந்த உரிமை தெரிந்தே வாங்கியவன் பேரிலும், இனாமாகப் பெற்றவன் பேரிலும் அதைச் செலுத்தலாம் என்பது அதன் கருத்து. கடன்காரரை ஏமாற்ற எழுதிய பத்திரத்தை ரத்துசெய்ய 53-வது பிரிவும் இருக்கின்றது. தம்பிக்குச் செட்டில்மெண்டு என்பது இனாம்தானே? அந்த அம்மாளின் வக்கீல் இப்பொழுது இந்த வழியில்தான் போயிருக்கிறார். முடிவு இன்னும் தெரியவில்லை. ஆனால் தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது என்று கேள்வி.

ஐந்தாவது, ஜெயில். வசதி இருந்தும் வேண்டுமென்றே கொடுக்காதவனை 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கிரிக்கு 3 மாதம் வரை சிவில் ஜெயிலில் வைக்கலாம். ஜெயிலுக்குப் போய்வந்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று எண்ணவேண்டாம். கடன் அப்படியே இருக்கும். மாஜிஸ்திரேட்டு உத்தரவானால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை ஜெயில் உண்டு. ஆனால் உண்மையாகவே இல்லாதவனை, தரித்திரத்துக்காகச் சிவில் ஜெயிலில் போடச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. அது சரியே. நாம் கேட்பது நியாயமேயொழிய வஞ்சம் தீர்ப்பதல்ல. நிலைமை மாறிவிட்டால் தொகையைக் குறைக்கவோ கூட்டவோ இரு தரப்பாரும் கோர்ட்டைக் கேட்கலாம். புருஷன் நொடித்துப்போய் மனைவி சம்பாதிக்கிறவளாக இருந்தால், அவனும் அவளிடம் ஜீவனாம்சம் கேட்க அதே 25-வது பிரிவு இடம் வைத்திருக்கின்றது.

வெட்கம் யாருக்கு?

இவ்வளவு வழி இருந்தும் ஏன் பெண்கள் போவதில்லை? காசில்லை என்பது ஒரு காரணம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயிருந்தாலும், வக்கீலை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று 1987-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. தாலுகா கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு என்று பலகை தொங்குகிறது. ஆகவே காசு மட்டும் காரணமல்ல. பெரிய காரணம் வெட்கம்.

"அறுத்துக்கொண்டு வந்தவள் அவன் காசுக்கு ஏன் நாக்கைத் தொங்கப்போடுகிறாள்?" என்று கேட்கிறார்கள். கேட்பது யார்? பெரும்பாலும் பெண்களே! ஏன் அப்படிக் கேட்கிறார்கள்? கல்யாணம் என்பதைக் கன்னிகாதானம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தானமாகக் கொடுத்த பொருளுக்கு ஏது சொத்து? பசுவைத் தானம் கொடுத்தால் கயிறும் கூடவே போகும். பசு திரும்பிவந்து கயிற்றைக் கேட்குமா? இந்தப் புத்திதான் பெண்ணை வெட்கப்பட வைக்கின்றது.

அவன் காசு என்கிறீர்களே, எது அவன் காசு? அவள் தகப்பன் போட்ட நகை அவன் காசா? பெண்ணின் சீதனம் புருஷன் வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் கூட்டுச் சொத்தாகிவிடாது, அவன் அதை நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவன்தான், திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று 1985-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கின்றது. அப்படியிருக்க, பிறத்தியார் பொருளை வைத்துக்கொண்டு தராதவனுக்கு வெட்கமில்லை, தன் பொருளைக் கேட்கிறவளுக்கு வெட்கம் என்றால், இந்த வெட்கத்தைப் பங்கிட்டவன் யார்?

பத்து வருஷம் அவள் சமைத்தாள், துவைத்தாள், பிள்ளை பெற்று வளர்த்தாள், மாமியாருக்கு மருந்து கொடுத்தாள். அந்தப் பத்து வருஷத்தில் அவன் சம்பாதித்து வீடு கட்டினான். அந்த வீட்டில் அவளுக்குப் பாதி உண்டு என்று சொல்லும் சட்டம் இந்நாட்டில் கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர வேறெங்கும் இல்லை. கல்யாணச் சமயத்தில் இருவருக்கும் சேர்த்து வந்த வெகுமதிகளைப் பங்கிடத்தான் இந்து விவாகச் சட்டம் 27-வது பிரிவு வழிசொல்லுகிறது. 2023-ல் சென்னை ஹைக்கோர்ட்டு ஒரு வழக்கில், வீட்டுவேலை செய்து குடும்பத்தை நடத்தியதும் சொத்துச் சேர்ப்பதில் பங்குதான், அந்த மனைவிக்குச் சமபாகம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அது ஒரு தீர்ப்பு. சட்டமாக வரவேண்டும். அதுவரை கிடைப்பது ஜீவனாம்சம் என்னும் பேரால் ஒரு சிறு பகுதி. அந்தச் சிறு பகுதியையும் வெட்கத்துக்காக விட்டுக்கொடுப்பது சுயமரியாதையாகுமா? தன் உழைப்புக்குக் கூலி கேட்பதே சுயமரியாதை.

தோழர்களே! இங்கு வந்திருக்கும் அண்ணன் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தங்கை வீட்டில் அப்படி ஒரு காகிதம் இருந்தால், இன்றிரவே அதை எடுத்துப் பாருங்கள். தேதி என்ன, எத்தனை வருஷம் போயிற்று என்று கணக்குப் பாருங்கள். நாளைக்குக் கோர்ட்டுக்கு அவர்களோடு துணைக்குப் போங்கள். கோவிலுக்குக் கூட்டிப்போக நேரமிருக்கிறதல்லவா? அதில் பாதி நேரம் இதற்குப் போதும். தாய்மார்களே, துணைக்கு ஆளில்லாவிட்டால் நீங்களே போங்கள். வாய் இருக்கிறது, காகிதம் இருக்கிறது, இலவச வக்கீலும் இருக்கிறார்.

அந்த மஞ்சள் பை அம்மாளின் விஷயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவன் ஒரு கம்பெனியில் கணக்கராக இருக்கிறான். ஈ.பி. போட்டு, சம்பளத்தைப் பிடிக்க உத்தரவாகி, மூன்று மாதமாகக் கோர்ட்டு மூலம் பணம் வந்துகொண்டிருக்கின்றது. முதல் மாதப் பணம் வந்ததும் பெண்ணின் பள்ளிக்கூட பாக்கியைக் கட்டினார். வீடும் நகையும் இன்னும் வழக்கில்தான் இருக்கின்றன. போன வாரம் வந்திருந்தார். டிக்கிரி நகலைப் புதிதாக வாங்கி, அட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதில் பொட்டு இல்லை. அடுத்த வாய்தா தேதி எழுதியிருந்தது.